இடப்பக்கம் ஒன்பது அடி

1986 ஜூன் 8, ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பது மணி பத்து நிமிடம். மழை இன்னும் தொடங்கவில்லை. வானம் முழுக்க மெல்லிய வெள்ளை மேகம். கண்ணைக் கூசவைக்காத, கறுப்பு நிழல் விழாத வெளிச்சம். காற்று இல்லை. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

இவ்வளவு சரியாகச் சொல்வதால் எனக்கு ஞாபகசக்தி அதிகம் என்று நினைக்க வேண்டாம். எடுக்கும் ஒவ்வொரு படத்துக்கும் நோட்டில் ஒரு வரி எழுதுகிறவன் நான். அப்படி நாற்பத்து மூன்று நோட்டுகள் இருக்கின்றன. அன்றைய பக்கத்தில் பன்னிரண்டு வரிகள். நேரம், வெளிச்சம், தூரம், ஷட்டர் வேகம் எல்லாம் இருக்கின்றன. இல்லாதது ஒன்றுதான்: படம் எதற்கு என்பது.

செம்பூரில் நான் விட்டுவந்த ஸ்டுடியோவில் இப்போது வேலை பார்க்கும் உங்கள் ஐந்து பேருக்காக இதை எழுதுகிறேன். ஐந்து பேரில் தமிழ் தடுமாறாமல் படிப்பவர்கள் இரண்டு பேர். அந்த இருவரும் மற்ற மூவருக்கும் படித்துக் காட்டவும். தயவுசெய்து போனை இதன்மேல் பிடித்து மொழிபெயர்க்கச் சொல்லாதீர்கள். போன தடவை நான் எழுதி அனுப்பிய குறிப்பை அப்படிச் செய்து, நான் யாரையோ கல்யாணத்துக்கு அழைத்திருப்பதாக முடிவு செய்தீர்கள்.

அப்போது எனக்கு ஸ்டுடியோ கிடையாது. ஃபோர்ட்டில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா. மாட்டுங்காவில் அண்ணன் குடும்பத்தோடு இருந்தேன். பழைய கேமரா ஒன்று, குளியலறைக் கதவுக்குக் கறுப்புத் துணி ஒன்று, படம் கழுவ நான்கு தட்டுகள், இவைதான் என் சொத்து. கேமரா வாங்கிப் பதினேழு மாதம் ஆகியிருந்தது. அதற்குள் நான் பெரிய கலைஞன் என்று எனக்குள் ஒரு தீர்மானம். கேமரா வாங்கிய எல்லோருக்கும் இரண்டாவது வருஷத்தில் இந்தக் காய்ச்சல் வரும். உங்களில் மூன்று பேருக்கு இப்போது இருக்கிறது.

எங்கள் அலுவலகத்தில் செல்லையா பியூன். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். தாராவியில் குடியிருந்தார். ஒரு நாள் மத்தியானம் என் மேசைக்கு வந்து நின்றார்.

"சார், பாஸுக்கு ஒரு போட்டோ எடுத்துத் தரணும்."

பாஸ் என்றால் எனக்கு ஒன்றுதான். மூன்று மாதத்துக்கு ஒரு முறை வரிசையில் நின்று வாங்கி, பிளாஸ்டிக் உறைக்குள் அடையாள அட்டையோடு செருகி, சட்டைப் பையில் வைத்துக்கொள்ளும் ரயில் பாஸ். மாட்டுங்காவில் குழந்தைக்குக்கூட அதுதான் பாஸ்.

"அதுக்கு எதுக்கய்யா நான்? ஸ்டேஷன் வாசல்ல எடுத்துத் தரானே."

"இல்ல சார், குடும்பத்தோட வேணும். வீட்டுக்கு வந்து எடுக்கணும்."

ரயில் பாஸுக்குக் குடும்பம் எதற்கு என்று ஒரு கேள்வி அப்போது நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. பாவம், குடும்பப் படம் எடுத்துக்கொள்ள ஆசை, கேட்கக் கூச்சம், அதனால் பாஸ் என்று ஒரு சாக்குச் சொல்கிறார் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். அவர் மனசைப் படித்துவிட்ட பெருமை வேறு.

தாராவியில் அன்றைக்குப் பாஸ் என்றால் வேறு. சர்க்கார் ஆட்கள் குடிசைகளைக் கணக்கெடுத்து, ஒவ்வொரு கதவுக்கு மேலும் தார் பூசி, அதில் வெள்ளையில் எண் எழுதியிருந்தார்கள். அந்த எண்ணுக்குக் கீழே புருஷனும் பெண்டாட்டியும் நிற்கிற படத்தை ஒட்டித் தருகிற காகிதத்துக்குப் பெயர் போட்டோபாஸ். அது இருந்தால் அறை உங்களுடையது என்பதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. இல்லாவிட்டால், இடிக்க வரும் அன்று நீங்கள் வழிப்போக்கர். படமெடுக்க ஆள் வந்த வாரம் செல்லையா குடும்பம் கோயில் கொடைத் திருவிழாவுக்காக ஊருக்குப் போயிருந்தது. விட்டுப்போனவர்கள் தாங்களே படம் கொண்டுவந்து கொடுக்கலாம், கடைசி நாள் ஜூன் 23 என்று சொல்லியிருந்தார்கள். இவ்வளவும் எனக்குப் பதினைந்து நாள் கழித்துத்தான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை போனேன். செல்லையாவின் வாசல் பக்கத்து மாடியின் தகரக் கூரைக்கு அடியில் குகை மாதிரி இருந்தது. காலை ஒன்பது மணிக்கே உள்ளே பல்பு எரிந்தது. அதற்கு இடப்பக்கம் ஒன்பது அடி தள்ளி அடுத்த வாசல். அங்கே சந்து விரிந்து கொஞ்சம் வானம் தெரிந்தது. கதவுக்குப் புதிதாகப் பச்சைப் பெயிண்ட். அது மைதீன் பாயின் அறை. அவரும் திருநெல்வேலிப் பக்கம்தான், தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருந்தார்.

"எல்லாரும் இங்கே வந்து நில்லுங்கோ" என்றேன்.

செல்லையாவின் மனைவி பேச்சியம்மாள் நகரவில்லை. "நம்ம வாசல்லயே நிப்பமே சார். பாஸுக்கு நம்ம வாசல்தான் வேணும்னு சொல்லுதாவ."

நான் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன். "அம்மா, பாஸுக்கு முகம்தான் வேணும். வாசல் வேண்டாம். எனக்குத் தெரியாதா?"

செல்லையா உடனே, "ஏட்டி, சார் ஆபீஸ்ல எத்தன பாஸ் பாத்திருப்பாவ, நீ சும்மா வா" என்றார். மைதீன் பாய் பட்டறையிலிருந்து எட்டிப் பார்த்து, "நில்லும்மா நில்லு, பெயிண்டுக்குக் குடுத்த காசுக்கு ஒரு பிரயோசனம் வேண்டாமா?" என்று சிரித்தார். படித்தவன் ஒருவன் சொல்ல, புருஷன் ஆமோதிக்க, பக்கத்து வீட்டுக்காரரும் அழைக்க, அந்த அம்மாள் என்ன செய்வார்? வந்து நின்றார்.

பன்னிரண்டு படம் எடுத்தேன். ஒன்பதாவது படத்துக்கு ஐந்து அடி பின்னால் எடுத்துவைத்தால் சரியாக இருக்கும் என்று எண்ணிக்கொண்டே நகர்ந்தேன். நான்காவது அடியில் சாக்கடை. இடது கால் முழங்கால்வரை உள்ளே போனது. கேமராவை மட்டும் தூக்கிப் பிடித்தபடி நின்றேன். செல்லையா நின்ற இடத்திலேயே பதறிக் கையை நீட்டினார். அவர்களுடைய ஏழு வயதுப் பெண் தங்கம், முன்பல் இரண்டும் இல்லாதவள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பேச்சியம்மாள் மகளை அடக்கப் போய், தானும் அடக்க முடியாமல், வாயைப் பொத்திய விரல்களுக்கு மேலே கண்ணால் சிரித்தார். சாக்கடையில் நின்றபடியே அதை எடுத்தேன். செருப்பு கிடைக்கவில்லை.

என் வாழ்க்கையில் அதைவிட நல்ல படம் நான் எடுத்ததில்லை. ஐம்பதாயிரம் படங்களுக்கு மேல் எடுத்தவன் சொல்கிறேன். இரண்டு பெரிய பிரதிகள் போட்டேன். ஒன்று செல்லையாவுக்கு. இன்னொன்றை மாட்டுங்காவில் நடக்கவிருந்த ஒரு கண்காட்சிக்கு அனுப்பினேன், எடுத்துக்கொண்டார்கள். படத்தின் கூர்மையில் எனக்குத் தனிக் கர்வம். பேச்சியம்மாளின் இரண்டு பக்க மூக்குத்தியும் தனித்தனியாகத் தெரிந்தது. தலைக்கு மேலே தாரில் எழுதிய 215 என்ற எண்ணில் தூரிகையின் தடம்கூடத் தெரிந்தது.

செல்லையாவின் எண் 214.

எதையும் எண்ணாமல் விடாதவன் நான். மாடிப்படி ஏறினால் படியை எண்ணுவேன். அந்த எண்ணைக் கண்ணாடி வைத்துப் பார்த்து மெச்சினேன். படிக்கவில்லை.

ஜூன் 23, திங்கட்கிழமை, மத்தியானம் ஒன்று ஐம்பது. செல்லையா நனைந்த சட்டையோடு என் மேசை முன்னால் நின்றார். காலையில் அரை நாள் லீவ் போட்டுப் படத்தைக் கொடுக்கப் போயிருந்தார்.

"சார், இது 215ன்னு சொல்லிட்டாவ சார். அடுத்தவன் ரூமை உன் ரூம்னு காட்டுதியான்னு கேட்டாவ. அந்தப் படத்தை அங்கேயே கிழிச்சுப் போட்டுட்டேன். வரிசையில பாயும் நின்னாரு, எல்லாம் கேட்டுட்டாரு."

"எதுக்கு அவா வீட்டு எண்ணைப் பாக்கணும்? ரயில் பாஸுக்கு..."

"ரயில் பாஸா?" என்றார் செல்லையா. என்னை அவர் அப்படிப் பார்த்தது அதுவே முதல் தடவை. பிறகு நிதானமாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல, போட்டோபாஸ் என்றால் என்ன என்று சொன்னார். படம் வாங்கும் மேசையை ஆறு மணிக்கு மூடிவிடுவார்கள். நாளைக்குக் கிடையாது.

அதற்கு இன்னும் நான்கு மணி நேரமும் பத்து நிமிடமும் இருந்தன. தலைமைக் குமாஸ்தாவிடம் அரை நாள் லீவ் எழுதிக் கொடுத்துவிட்டு ஓடினோம். மாட்டுங்காவில் இறங்கி வீட்டுக்கு ஓடி, கேமராப் பையை எடுத்தேன். கேமராவில் இருந்த ஃபிலிமில் இரண்டே படம் பாக்கி. புது ஃபிலிம் இல்லை. மன்னியிடம், "நாலு மணிக்குக் குளியலறை வேணும்" என்றேன்.

"மறுபடியுமா? துணி ஊறிண்டிருக்கு."

"வெளியில எடுத்து வையுங்கோ மன்னி. ஒரு குடும்பத்தோட வீடு போயிடும்."

"இந்தக் கேமராவால இந்த வீட்டுக்காரா குளிக்கறது போயாச்சு. இப்போ வீடே போறதா?" என்றாலும் எடுத்துவைத்தார்.

தாராவிக்குப் போய்ச் சேர்ந்தபோது மூன்று இருபது. மழை நின்று பெய்தது. தகரக் கூரைக்கு அடியில் எண் தெரியவே இல்லை, வாசல் முழுக்க ஒரே இருட்டு. என்னிடம் ஃபிளாஷ் கிடையாது. ஃபிளாஷ் போடுகிறவன் கலைஞன் இல்லை என்று இரண்டு மாதம் முன்புதான் யாரிடமோ வாதாடியிருந்தேன். மைதீன் பாயின் பட்டறையில் மட்டும் இருநூறு வாட் பல்பு ஒன்று நீள ஒயரில் தொங்கியது. அவர் வாசலை மறித்து நின்றார். அன்று நில்லு நில்லு என்று சிரித்த மனிதர் இல்லை.

"பல்பு தாரேன் சார். அதுக்கு முன்னால ஒண்ணு. எங்க நம்பருக்குக் கீழ இவங்க நிக்க படம் உங்ககிட்ட இருக்குல்லா? நாளைக்கு எவனாவது அதைக் காட்டி, இது செல்லையா ரூமுன்னா எம் புள்ளைய எங்க போவும்? அந்த ஃபிலிமு இருக்கக் கூடாது."

"பாய், நான் அப்படிச் செய்வனா?" என்றார் செல்லையா.

"நீரு செய்ய மாட்டீரு வே. உம்ம மருமவன் செய்வான். இன்னும் பொறக்காத பேரன் செய்வான். காயிதம் நம்மளவிட அதிக நாளு இருக்கும்லா."

அவர் சொன்னதில் ஒரு தவறும் இல்லை. நெகட்டிவ் பையில்தான் இருந்தது. ஆறு ஆறாக இரண்டு துண்டு. மணி மூன்று முப்பத்திரண்டு. எனக்கு அவமானம், அவசரம், கூடவே ஒரு திமிர்: கொடுத்தால் முழுசாகக் கொடுப்பேன், நீயா நானா பார். மேசையில் கிடந்த தோல் வெட்டும் கத்தரியை எடுத்து, இரண்டு துண்டையும் சேர்த்து வைத்து, நறுக் நறுக் என்று வெட்டி, வெளியே மழைத் தண்ணீரில் போட்டேன். கண்காட்சியில் இருப்பதையும் வாங்கிக் கிழித்துவிடுகிறேன் என்று வாக்கு வேறு கொடுத்தேன்.

மைதீன் பாய் வாயைத் திறந்தபடி நின்றார். "எல்லாத்தையுமா சார்? நம்பரு இருக்க மூலையை மட்டும் வெட்டுவியன்னுல்லா நினைச்சேன்."

இங்கே கொஞ்சம் நிறுத்திப் படியுங்கள். எண் இருந்தது படத்தின் மேல் விளிம்பில். ஓர் ஊசியால் அந்த இடத்தைச் சுரண்டியிருந்தால் போதும். அரை நிமிட வேலை. அது எனக்குத் தெரியாததா? தூசும் கீறலும் சரிசெய்ய வாரம் தவறாமல் ஊசி பிடித்தவன் நான். மூன்று முப்பத்திரண்டுக்கு அது தோன்றவில்லை. தவறு செய்தவன் அதைச் சரிசெய்யும் வேகத்தில் இன்னும் பெரிதாக ஒன்றைச் செய்வான். நெருக்கடியில் கை எதையாவது முழுசாக அழிக்கப் பரபரத்தால், அந்தக் கையைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு பத்து எண்ணுங்கள். எண்ணுவதில் எனக்குப் பழக்கம் உண்டு. அன்று அதைக்கூடச் செய்யவில்லை.

பாய் ஸ்டூல்மேல் ஏறி நின்று பல்பைப் பிடித்தார். கேமராவைத் தோல் கட்டின்மேல் வைத்தேன். வெளிச்சம் எண்ணுக்குப் போதும், முகத்துக்குப் போதாது. முகத்துக்குக் கொடுத்தால் எண் வெளுத்துப் போகும். நான் தயங்கியது பேச்சியம்மாளுக்குத் தெரிந்துவிட்டது.

"சார், மூஞ்சி எப்படியும் இருந்துட்டுப் போவட்டும். நம்பரு விழணும். எங்களை இங்க எல்லாருக்கும் தெரியும், நம்பரைத்தான் காயிதத்துக்குத் தெரியாது."

ஜூன் 8 அன்று அந்த அம்மாள் சொன்னதைக் கேட்டிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை. படத்தில் நிற்கிறவர்களுக்குத்தான் அது எதற்கு என்று தெரியும். நமக்குத் தெரிந்தது வெளிச்சம் மட்டும்.

முதல் படம் எண்ணுக்கு எடுத்தேன். இரண்டாவதும், பாதுகாப்புக்காக, எண்ணுக்கே எடுத்தேன். மாட்டுங்காவுக்கு ஓடி, கழுவி, பிரதி போட்டு, ஈரம் சொட்டச் சொட்டப் பழைய செய்தித்தாளில் வைத்துத் தூக்கிக்கொண்டு செல்லையாவோடு அந்த மேசைக்குப் போனபோது ஐந்து ஐம்பத்தொன்று. அங்கே இருந்தவர் படத்தைப் பார்த்தார். இரண்டு இருட்டு உருவம்; மேலே பளிச்சென்று 214. "ஏ பராபர் ஹை", இது சரியாக இருக்கிறது என்று வாங்கிக்கொண்டார். மற்றவர்கள் என் படங்களைப் பற்றி எத்தனையோ சொல்லியிருக்கிறார்கள். உபயோகமான பாராட்டு அது ஒன்றுதான்.

மறுநாள் கண்காட்சிப் பிரதியைத் திரும்ப வாங்கிக் கிழித்தேன். அதற்கும் ஊசி போதும் என்று அப்போதும் தோன்றவில்லை.

இனி, உங்கள் விஷயம்.

போன மாதம் தங்கம் என்னைத் தேடி வந்தாள். கோபர்கைரனேயில் இருக்கிறாள். செல்லையா போய்ப் பல வருஷம். பேச்சியம்மாள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. தாராவி அறையில் தம்பி இருக்கிறான். அங்கே இப்போது மறுபடியும் கணக்கெடுப்பு. பழைய காகிதம் கேட்டபோது தம்பி போட்டோபாஸை எடுத்து நீட்டினானாம், சரி என்று எழுதிக்கொண்டு போனார்களாம். அதைச் சொல்லிவிட்டு, "அங்கிள், அம்மாவோட வருஷத்துக்கு ஒரு படம் வேணும். கிழவியான பிறகு எடுத்ததுதான் மொபைல்ல இருக்கு. நீங்க எடுத்ததுல ஒண்ணுல அம்மா சிரிப்பான்னு அப்பா சொல்லிக்கிட்டே இருப்பாரு. நீங்க கட்டர்ல, அந்தச் சாக்கடையில விழுந்தீங்களே, அது" என்றாள்.

வெட்டிவிட்டேன் என்று சொன்னேன். ஏன் என்று கேட்டாள். மேலே எழுதிய அத்தனையும் சொன்னேன். "நம்பரை மட்டும் எடுத்திருக்கலாமே" என்றாள். தோல் பட்டறைக்காரருக்குத் தோன்றியது, இவளுக்கும் தோன்றியது. கலைஞனுக்குத்தான் தோன்றவில்லை.

இருட்டுப் படத்தின் நெகட்டிவ் என்னிடம் இருந்தது. அதை உங்களில் ஒருவரிடம் கொடுத்தேன். பெயர் சொல்லவில்லை, அவருக்குத் தெரியும். "ஷேடோவை மேல தூக்கிடலாம் சார், டென்ஷனே வேண்டாம்" என்றார். மூன்றாம் நாள் தங்கத்தையும் வரச்சொல்லித் திரையில் காட்டினார். பளபளவென்று ஒரு பெண் நின்றாள். நல்ல மூக்கு, ஒழுங்கான புருவம்.

"இது யாரு?" என்றாள் தங்கம்.

"ஆன்ட்டி, உங்க மம்மிதான்."

"ஏய், எங்கம்மாவை எனக்குத் தெரியாதாப்பா? இன்னொரு மூக்குத்தி எங்கே?"

"அது டஸ்ட்னு நினைச்சு கிளீன் பண்ணிட்டேன்."

நான் கதவுக்கு மேலே பார்த்தேன். தார்ப் பட்டையும் இல்லை, எண்ணும் இல்லை. மொழுமொழுவென்று சுவர். கேட்டேன். "கசகசன்னு இருந்தது சார், ஃபிரேமே கெட்டுப்போகுது. அதான் எடுத்துட்டேன். நீட்டா இல்ல?" என்றார்.

நான் கோபப்பட்டுக் கத்தியதாக ஸ்டுடியோவில் பேசிக்கொள்கிறீர்களாம். கத்தியது அவரைப் பார்த்து அல்ல. மூன்று நாள் அந்தப் படத்தோடு உட்கார்ந்திருந்தவர், இது யார், எதற்கு என்று ஒரு போன் செய்து கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. இவ்வளவு வருஷம் கழித்து, அதே வாசலில் இருந்து அதே அம்மாளை இன்னும் ஒன்பது அடி நகர்த்திவைத்திருக்கிறோம், இரண்டு பேரும் சேர்ந்து.

தங்கம் கடைசியில் அன்றைக்குப் போட்ட மாதிரியே ஒரு பிரதி கேட்டாள். போட்டுக் கொடுத்தேன். ஜன்னல் பக்கம் திருப்பி வைத்துப் பார்த்தாள். "மூஞ்சி ஒண்ணும் தெரியல. ஆனா எங்க வாசல்ல நிக்கா" என்றாள். கவரில் போட்டுக்கொண்டு, ஐந்து நாற்பது வண்டியைப் பிடிக்கப் போய்விட்டாள்.

படம் எடுக்கக் கூப்பிடுகிறவரிடம் எதற்கு என்று கேளுங்கள். அவர் ஒரு வார்த்தை சொன்னால், அந்த வார்த்தைக்கு அவர் வீட்டில் என்ன அர்த்தம் என்றும் கேளுங்கள். கேட்பதற்குக் காசு இல்லை. கேட்காததற்கு எனக்கு ஆன செலவு நோட்டில் இருக்கிறது. பதினான்கு படத்துக்கு ஃபிலிம், படம் முக்கால் ரூபாய் வீதம், பத்தரை ரூபாய். தாளும் மருந்தும் பதினெட்டு. சாக்கடையில் போன செருப்பு இருபத்திரண்டரை. கண்காட்சிக்குக் கட்டிய பத்து ரூபாயைத் திருப்பித் தரவில்லை. போன மாதம் கம்ப்யூட்டர் வேலைக்கு மூவாயிரத்து ஐந்நூறு. என் சொந்த ஸ்டுடியோவாக இருந்த இடத்தில், தள்ளுபடி இல்லாமல். ரயிலுக்கு ஒன்றும் ஆகவில்லை, என்னிடம் பாஸ் இருந்தது. மொத்தம் மூவாயிரத்து ஐந்நூற்று அறுபத்தொரு ரூபாய்.